அவன் வாய் வைக்காத மீன்

சுவா,
சனிக்கிழமை, மழை விட்ட மதியம்.

என் பாசத்துக்குரிய உலாமிலா அக்காவுக்கு,

தங்கை தாரைவினி எழுதுவது. நான் நலம். ஆண்டவர் தயவில் நீயும் அம்மாவும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போனை அணைத்துத் துணிப்பெட்டிக்குள் போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. அதனால், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பேனாவையே தொடாத நான் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சினி இதைக் கொண்டுவந்து உன் கையில்தான் தருவாள். அம்மா கையில் முதலில் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் நம் ஊர் லம்பாசாவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். பிறகு தெரியட்டும். முதலில் உனக்குத் தெரிய வேண்டும்.

நானும் என் தோழிகள் அஞ்சினியும் லோசாவும் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கிளம்பினோம். அது பொய்யில்லை, நன்றாகவே சுற்றினோம். கப்பலில் லோசா வாந்தி எடுத்தாள். ஏறும்போது வாங்கிய வறுத்த மரவள்ளியை எங்களுக்குக் கொடுக்காமல் தனியாகத் தின்றதற்குத் தண்டனை என்றாள் அஞ்சினி. சுவாவில் முதல் பஸ்ஸில் ஏறியதுமே டிரைவர் எங்கள் பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டான். "லம்பாசாவா? அங்க பஸ்ஸு ஓடுதா, இல்ல இன்னும் கரும்பு ரயில்லதான் தொங்கிக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான். "கரும்பு ரயில்ல ஒக்கார எடம் கெடைக்கும் அண்ணே, ஒங்க வண்டியில அதுகூட இல்லையே" என்றாள் அஞ்சினி. பஸ்ஸே சிரித்தது. அவன் எங்களை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கடற்சுவர் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

சந்தையில் சாப்பிட்டதை எல்லாம் எழுதினால் நீ என்னைத் திட்டுவாய். ரொட்டியில் சுருட்டிய மீன் கறி, மிளகாய் உப்பு தூவிய அன்னாசி, தேங்காய்ப்பாலில் நனைத்த கடல் திராட்சைப் பாசி. அந்தத் திராட்சை பல்லில் பட்டதும் வெடித்து வாயெல்லாம் கடல் நீராகிறது. லோசா அதைத் தின்றுவிட்டு, நீந்தத் தெரியாதவள் இதைத் தின்னலாமா என்று கேட்டாள். மியூசியத்துக்கும் போனோம். அந்தக் காலத்தில் மலை ஊர்க்காரர்கள் தின்றுவிட்ட பாதிரியாரின் செருப்பு அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் அதன்முன் வெகுநேரம் நின்றோம். லோசாவுக்கு அழுகை வந்தது. அஞ்சினிக்குப் பசி வந்தது.

ஆனால் அக்கா, நான் சுவாவுக்கு வந்தது செருப்பைப் பார்ப்பதற்கு இல்லை.

நீ ஊர் திரும்பிய வாரம் ஒரே ஒரு தடவை எனக்குச் சொன்னாய், அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ சொன்னதை நான் கப்பலில் தோழிகளிடம் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா என்று நீயே பார்த்துக்கொள். சந்தை மூலையில் நீயும் வைசாகேயும் கடை போட்டிருந்தீர்கள். நீ சமைத்தாய், அவன் பேசினான். அன்றைக்கு அவன் மீனை வண்டியின் பின்பக்கம் வெயிலில் போட்டுவிட்டு யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்துவிட்டான். நீ நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாய். மிளகு பட்டதுபோல் சுருக்கென்றது. கொட்டிவிடச் சொன்னாய். எலுமிச்சை ஊற்றினால் சரியாகிவிடும் என்றான் அவன். நீ நல்ல மீன் வாங்கத் துறைமுகம் போன நேரத்தில் அவனே அந்தப் பச்சை மீனில் எலுமிச்சையும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கொக்கொண்டா கலந்து பந்து விளையாட வந்த பையன்களுக்குப் பரிமாறிவிட்டான். அவர்கள் சுருண்டு விழுந்தபோது சந்தை நடுவில் உன்னைக் கைகாட்டினான். லம்பாசாக்காரி கை கழுவாமல் சமைத்தாள் என்றான்.

நீ ஒரு வார்த்தை பேசாமல் கப்பல் ஏறினாய். உனக்கு முன்பே அந்தப் பேச்சு ஊர் வந்து சேர்ந்திருந்தது. அறுவடைப் பெருவிழாவில் உன் சட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை. அம்மா அதைத் துணியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவனைத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. சந்தையில் கிழங்கு விற்கும் மிரியாமா அத்தையிடம் விலை கேட்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி, நீ உலாமிலா தங்கச்சிதானே? அதே மொறைப்பு" என்றாள். உன்னை அவள் மறக்கவில்லை. வைசாகே அவள் ஊர்க்காரன் என்பதால் அன்றைக்குப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டதாகச் சொன்னாள். இப்போது அவன் கடை எதுவும் வைக்கவில்லை. கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டி, சாப்பாடு ருசி பார்க்கவைக்கிறான். எல்லாம் உன் பக்குவம். அவனுடைய அம்மா சொல்லிக்கொடுத்ததாம்! "ஒண்ணு கவனி. எல்லாத்துலயும் அவன் வாய் வெப்பான். கொக்கொண்டாவுல மட்டும் வெக்கவே மாட்டான்" என்றாள் அத்தை.

அவன் உன்னைப் பெண் கேட்டு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி ஒருமுறையாவது நம் ஊருக்கு வந்திருந்தால் என் முகம் அவனுக்குத் தெரிந்திருக்கும். வராதது எனக்கு வசதியாகப் போயிற்று.

வியாழக்கிழமை பெரிய கப்பல் வந்தது. காலையில் நாங்கள் டீயும் எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமான பாபகாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனைப் பார்த்தோம். செம்பருத்திப் பூப்போட்ட மஞ்சள் சட்டை, ஓலைத் தொப்பி. ஐஸ் இல்லாத பலகையில் கிடந்த மீன்களை வாங்கி, காரின் பின்பெட்டியில் இருந்த வாளியில் போட்டு மூடினான். கார் வெயிலில் நின்றது. அஞ்சினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். லோசா போய் அவனிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினாள். உள்ளூர்க்காரர்களைச் சேர்க்காதவன் எங்களைச் சேர்த்துக்கொண்டான்.

காலை முழுக்க அவன் பின்னாலேயே நடந்தோம். நன்றாகப் பேசுகிறான் அக்கா, அதைச் சொல்லத்தான் வேண்டும். பூங்காவில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை வைத்திருக்கிறான். செருப்புக் கண்ணாடிமுன் நின்று, "நல்லா வேக வெச்சிருந்தா இதுவும் மிஞ்சியிருக்காது. சமைச்சது லம்பாசா ஆளா இருக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

கடைசியில் கடற்சுவர் ஓரம் மரநிழலில் பாய் விரித்து உட்காரவைத்தான். மிரியாமா அத்தை வழக்கம்போல் அவித்த கிழங்கு கொண்டுவந்திருந்தாள். அவன் வாளியைத் திறந்து மீனை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, சிரட்டைகளில் பரிமாறினான். பரிமாறிக்கொண்டே உன் கதையை ஆரம்பித்தான். "என்கிட்டயும் ஒரு சமையல்காரி இருந்தா. லம்பாசா. பாக்க அழகு. ஆனா கைய மட்டும்..." என்று சொல்லி, நீ நடப்பதுபோல் இடுப்பை ஆட்டி, விரல்களைப் பாவாடையில் துடைத்துக் காட்டினான்.

அவன் கதையை முழுக்கச் சொல்லட்டும், எல்லாரும் முழுக்கக் கேட்கட்டும், அதற்குப் பிறகு எழுந்திருக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் சிரட்டையில் விரல் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன். சுருக்கென்றது. பக்கத்தில் ஹேசல் என்று ஒரு வயதான அம்மாள், காலையிலிருந்து எனக்குக் குடை பிடித்தவள், கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். கரண்டி பாயில் விழுந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"வைசாகே அண்ணே, மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க" என்றேன்.

சிரித்தான். "விருந்தாளி சாப்பிட்டப்புறம்தான் நாங்க சாப்பிடுவோம், அதான் எங்க மொறை."

"எங்க ஊருல சமைச்சவங்கதான் மொதல்ல வாய் வெப்பாங்க."

"எனக்கு இன்னைக்கு வயிறு சரியில்லம்மா."

"சந்தையில மூணு ரொட்டி உள்ள போச்சே, அப்ப வயிறு சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள் அஞ்சினி.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சிரட்டையைக் கீழே வைத்தார்கள். மிரியாமா அத்தை கிழங்குக் கூடையை இறக்கிவிட்டு வந்து அவன் எதிரில் நின்றாள். "தின்னுடா. நல்ல மீனுதானே, தின்னு."

ஓடியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அத்தனை பேர்முன் மானம் போகக்கூடாது என்று தின்றான் அக்கா. ஒரு கரண்டி. தொண்டை அசைவதை நான் பார்த்தேன். "இன்னொண்ணு" என்றேன். தின்றான். "இன்னொண்ணு." லோசா அழத் தொடங்கிவிட்டாள். அஞ்சினி என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "போதும்டி, போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. அந்தச் சிரட்டை காலியாகும்வரை அவன்முன் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோல் தடித்தன. கடற்சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து கக்கினான். அந்த நிலையிலும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டான்.

"கை கழுவாதவளோட தங்கச்சி" என்றேன்.

அத்தைதான் டாக்சி பிடித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நானும் ஏறிக்கொண்டேன். அவன் மூச்சுக்குத் தவித்தபோது என் மனதில் இரக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. செத்துவிடுவானோ என்ற பயம் மட்டும் வந்தது. அதுவும் அவனுக்காக இல்லை. உன்னைப் பற்றி அவன் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் போய்விடுவானே என்றுதான். இதை நீ மட்டும் படி. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடு.

அவன் எப்படி இருக்கிறான் என்று நீ அஞ்சினியிடம் கேட்கமாட்டாய். கேட்க நினைப்பாய் என்பது எனக்குத் தெரியும். பிழைத்துக்கொண்டான். ஊசி போட்டார்கள், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை சந்தைக்கு வந்தான். யார் இழுத்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மிரியாமா அத்தையின் உறவுக்காரர்கள் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். நீங்கள் கடை போட்டிருந்த மூலையில் நின்று, முதலில் முணுமுணுத்தான். "கேக்கலடா!" என்று கீரைக்காரிகள் கத்தினார்கள். மறுபடியும் சொன்னான். "மீன் என்னோடது. பரிமாறினது நான். அவ கொட்டத்தான் சொன்னா." மிளகாய் விற்கும் கிழவர் ஒருவர் காதில் கைவைத்து, "இன்னொரு வாட்டி" என்றார். அவன் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு நிறைந்தது. சுவாவில் நான் தின்ற எதுவும் அப்படி நிறைக்கவில்லை.

போகும்போது என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "உலாமிலா நல்லா இருக்காளா?" என்று கேட்டான். அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. மன்னிப்பதோ, காறித் துப்புவதோ, பார்க்காமலே போவதோ, உன் இஷ்டம். என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன். உன் பங்கை அப்படியே வைத்திருக்கிறேன்.

ஹேசல் அம்மாள் கப்பல் ஏறுவதற்கு முன் குடையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். லம்பாசா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள். கடலைக் காட்டினேன்.

தோழிகள் திங்கட்கிழமை திரும்புகிறார்கள். நான் வரவில்லை. மிரியாமா அத்தை வீட்டில் இருக்கிறேன். அப்பாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். உன் பழைய மூலையில் தக்காளிக்காரி கூடை வைக்கப் பார்த்தாள், அத்தை விடவில்லை. கீரைக்காரிகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அவ எப்ப வர்றா?" நான் தைரியமாக ஒரு பதிலைச் சொல்லிவைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே அக்கா. அஞ்சினி இறங்குகிற அதே கப்பல்தான் மறுபடியும் இந்தப் பக்கம் வரும். கப்பலில் இறங்கியவர்களை ஏற்றி வரும் பஸ் நேரத்துக்குத் தினமும் போய் நிற்பேன். மழையானாலும் நிற்பேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். உன் இரண்டு கைகளிலும் என் முத்தங்கள்.

உன் தங்கை,
தாரைவினி