பனிச்சங்கேணிக்காரியின் கலியாணப் படம்

நவ. 4, செவ்வாய்

விடியவே மழை. முழங்கால் நோவு. பிரசர் குளிசை மறந்தாச்சு.

ஆஸ்பத்திரிச் சவச்சாலையில் நமக்கு ஒரு ஆள். போன் எடுத்தான்: வயல் வட்டைக் காவலுக்குப் போனவனை யானை அடித்துவிட்டது, பனிச்சங்கேணி ஆள். மழைக்கோட்டு, மோட்டார் சைக்கிள், புறப்பட்டேன். செத்த வீட்டுக்கு அழுகை தொடங்குமுன் போய்விட வேணும். பிறகு பேப்பருக்குப் படம் தேடித்தர ஆள் இருக்காது.

அவன் மனைவி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. அது தெரியாமல் கேட்டுத் தொலைத்தேன், பேப்பருக்கு அவருடைய படம் வேணும் என்று. முகம் மலர்ந்துவிட்டது.

“யானை வேலி விசயமா ஐயா? பேப்பரில வந்தாத்தான் வேலி போடுவானுகள் எண்டு அவர் சொல்லிட்டே இரிக்காரு.”

“ஓம்” என்றேன்.

சட்டத்திலிருந்து கலியாணப் படத்தைக் கழற்றித் தந்தாள். வேறு படம் இல்லையாம். தேத்தண்ணியும் தந்தாள். சீனி அதிகம். குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நவ. 5, புதன்

வெயில். முதற்பக்கம். ‘யானை தாக்கி குடும்பஸ்தர் பலி.’ படத்தில் அவளை வெட்டிவிட்டார்கள். அவன் தோளோரம் அவள் மாலையின் நுனி மட்டும் மிச்சம். ஆசிரியர் பீடத்தில் ஏக சந்தோசம், படம் நமக்கு மட்டும்தானாம்.

வீட்டில் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். சோறு போட்டபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“நான் செத்தா என்ட படத்த நீங்க தேட வேணாம். மகளிட்டக் குடுத்து வெச்சிரிக்கன்.”

கறியில் உப்பில்லை. அப்படியே தின்று முடித்தேன்.

நவ. 8, சனி

டவுனில் மூத்த ஊடகவியலாளர் கௌரவிப்பு. பொன்னாடை, கேடயம், ஆறிய வடை. ‘மக்களின் துயரத்தில் முதல் ஆளாக நிற்பவர்’ என்றான் அறிவிப்பாளன். பொய்யில்லை, செத்தவனின் பெண்சாதிக்கும் முதல் போய் நின்றவன்தானே. நன்றாகக் கைதட்டினார்கள். என் மனைவி வரவில்லை.

பொன்னாடை நைலோன், கழுத்தெல்லாம் அரிப்பு. படம் இன்னும் பையில். வெட்கம். போகப் பயம்.

நவ. 11, செவ்வாய்

தூறல். இன்று அவனுடைய எட்டுச் சடங்கு. படத்தைக் கொண்டுபோனேன். படையலுக்கு முன்னால் பேப்பரில் வெட்டிய படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். கலியாணப் படத்தை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஏசுவாள் என்று நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். கதிரை போடச் சொன்னாள். சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

“இரிங்க ஐயா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. அண்டைக்கும் குடிச்சிட்டுத்தானே போனீங்க.”

சீனி போடவில்லை. குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.