அப்பா ஊருக்குப் போன அந்த ஒரு தடவை

மார்ச் 3

அப்பாவின் அஸ்தி சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாதான் அங்கே வைத்தாள். அண்ணன் அதை அப்பாவின் ஊருக்கு எடுத்துப்போய்க் கரைக்கணும் என்கிறான். எண்பத்தாறு வயது வரை ஊர் நினைப்பாகவே இருந்தாராம். எனக்கு அப்படித் தெரிந்ததில்லை. நாங்கள் ரெண்டு பேரும் பார்த்தது ஒரே அப்பாவைத்தானா?

மார்ச் 4

ஆபீஸில் வேலை ஓடவில்லை. கடல் தாண்டிப் பிழைக்க வந்த இந்த நகரத்தில் எத்தனை வீட்டுக் குளியலறையில் அப்பா மாட்டிய குழாய் இருக்கும்! கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால்கூட மண்டபத்துச் சுவரில் காதை வைத்து, "எங்கயோ ஒழுகுது" என்பார். அம்மா முறைப்பாள். சாப்பிடாமல் வந்தாலும் வருவார், ஒழுக்கை அடைக்காமல் வரமாட்டார். எல்லாவற்றையும் பேசுகிற மனுஷன், ஊரைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. ஒரே ஒரு தடவை போய்வந்தார், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது. அப்புறம் ஏன் போகவே இல்லை?

மார்ச் 9

அண்ணனுக்கு அந்தப் பயணம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா கிளம்பிப் போன மறுநாள் சைக்கிள் செயின் கழன்றதாம். சரிசெய்ய அப்பாவின் கருவிப் பையைத் தேடினானாம். வீட்டில் இல்லை.

சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர் பைப் ரெஞ்சை ஏன் தூக்கிக்கொண்டு போகணும்?

மார்ச் 10

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். நிமிராமலே சொன்னாள்: "அவர் திரும்பி வரதுக்காகப் போகல."

இங்கே எவனும் தன்னை மனுஷனாக மதிப்பதில்லை, ஊரில் போய்க் கடை போடுகிறேன், பிறகு உங்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாராம் அப்பா. பிள்ளைகள் படிப்பைக் கெடுத்துக்கொண்டு நான் வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். சொல்லிவிட்டு, அவளே பெட்டியும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்தக் கோடை முடிவதற்குள் அப்பா வாசலில் வந்து நின்றுவிட்டார்.

ஏன் வந்தார் என்று கேட்கவே இல்லையா?

"கேட்டா, உங்களுக்காகத்தான் வந்தேன்னு சொல்லுவார். அதை நம்பறதா வேண்டாமான்னு நான் காலம் பூரா முழிக்கணும்."

எனக்குக் கோபமா வந்துச்சு. யார் மேலன்னு தெரியல. விட்டுட்டுப் போனாரா எங்களை? நான் வாசல்ல நின்னு டாட்டா காட்டிருப்பேன் — சிரிச்சுக்கிட்டு —

மார்ச் 11

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 16

ஒயர் மாமாவைப் பார்க்கப் போனேன். எலக்ட்ரீஷியன். அப்பாவோடு கட்டட வேலைக்குப் போனவர். திரும்பி வந்த அப்பாவை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்ததும் அவர்தான். இப்போது காது மந்தம். கத்தித்தான் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பக் கதை தெரிந்திருக்கும்.

ஊரில் அப்பாவைத் தாங்கு தாங்கென்று தாங்கியிருக்கிறார்கள். நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறதே என்று ரெஞ்சை எடுத்தால், வந்த விருந்தாளியை வேலை வாங்குவதா என்று பெரியப்பா பிடுங்கி வைத்துவிட்டாராம். கடை போடும் பேச்சை எடுக்க அப்பா நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்குள் ஒருநாள் பெரியப்பா முந்திக்கொண்டு, பாசமாகத்தான், கேட்டிருக்கிறார்: "எப்போ வீட்டுக்குக் கிளம்புறே?"

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த வாரம்" என்றாராம்.

"வண்டியில வரும்போது இதைச் சொல்லிட்டு ஒரே சிரிப்பு," என்றார் மாமா. "அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்."

மார்ச் 17

அம்மாவிடம் சொல்வதா? வேறு போக்கிடம் இல்லாமல் வந்தார் என்று நினைத்துவிட்டால்? ஆனால் பெரியப்பா 'வீடு' என்றதும் அப்பா மனசில் எந்த வாசல் வந்து நின்றிருக்கும்? அதை மாமாவிடம் கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

மார்ச் 19

சொல்லிவிட்டேன். அம்மா முழுசாகக் கேட்டாள். "அடுத்த வாரம்னா சொன்னார்?" என்றாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அண்ணனுக்குப் போன் போடச் சொன்னாள். அவரை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம் என்றாள். அவன் என்னென்னவோ பேசினான். எல்லாவற்றுக்கும் ம் கொட்டிவிட்டு, அதையே திரும்பச் சொன்னாள்.

மார்ச் 30

அண்ணன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். பூங்காவுக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில், அஸ்தி வைக்கிற இடத்தில், இன்று அப்பாவை வைத்தோம். ஒயர் மாமாவும் வந்திருந்தார். எல்லோரும் கிளம்பின பிறகும் அம்மா நகரவில்லை. பக்கத்து இடம் யாருக்காவது போய்விட்டதா என்று காவலாளியிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன். காலிதானாம்.

"சொல்லி வை," என்றாள்.