காப்பி மணத்த ஞானஸ்நானம்

ஸ்தோர்விக், நார்வே
பிப்ரவரி 18

அன்புள்ள சகோதரி ஜனாலி ஹாட்ச் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். ஐடஹோவில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் ஹால்வர் நெஸ், வயது அறுபத்தெட்டு. உங்கள் மகன் மாடியில் குடியிருக்கிறான், நான் கீழே இருக்கும் வீட்டுக்காரன். திங்கட்கிழமை வீடியோவில் பையனின் இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்ததைப் பார்த்து நீங்கள் பதறியதும், அவன் "நல்ல காரியத்துல பட்டதும்மா" என்று மழுப்பியதும் என் காதில் விழுந்தன. ஒட்டுக்கேட்கவில்லை. மரத்தளம், மேலே கரண்டி விழுந்தாலும் கீழே கேட்கும். அந்த நல்ல காரியம் நான்தான். கண்ணில் பட்ட அடிக்கும் நான்தான் காரணம். அதை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலம் காதில் விழுந்தால் எனக்குப் புரியும், எழுத வராது. எங்கள் சபைச் சகோதரி ஒட்னியின் மகள் இதை மொழிபெயர்த்து அனுப்புவாள். நான் கடிந்து எழுதிய இடங்களில் அவள் சர்க்கரை போட்டுவிடுவாளோ என்றுதான் பயம்.

நான் முப்பத்தெட்டு வருடம் கார்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் படகில் வேலை பார்த்தவன். கடைசிக் கார் ஏறியதும் மேலே பார்த்து, "எல்லாம் உள்ளே!" என்று கத்துவேன். நான் கத்தும்வரை காப்டன் படகை அசைக்க மாட்டார். ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாக உட்காரலாம் என்று மாடியை வாடகைக்கு விட்டேன். இரண்டு வருடச் சபை ஊழியத்துக்கென்று வந்து சேர்ந்தார்கள் உங்கள் மகனும் அவனுடைய கூட்டாளி வைனுகுவும். இருபது வயதுப் பையன்கள் நெஞ்சில் 'மூப்பர்' என்று பட்டை குத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து நான் வாசலிலேயே சிரித்துவிட்டேன்.

காலை ஆறரைக்கு எழுந்து உடற்பயிற்சி செய்ய வேண்டுமாம். வைனுகு டோங்கா தீவுக் குடும்பத்துப் பையன், ஆள் மலை. அவன் குதித்தால் என் அலமாரியில் பீங்கான் தட்டுகள் குலுங்கும். உங்கள் மகன் குதிப்பது கேட்காது. ஆனால் அவன்தான் எண்ணுவான். சத்தமாக, எங்கள் மொழியில், ஒவ்வொரு நாளும் பதினேழை விட்டுவிட்டு எண்ணுவான். நான் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பேன். ஒரு நிமிடம் அமைதி. பிறகு மன்னிப்புக் கேட்க இருவரும் இறங்கி வருவார்கள். ஊழியக்காரன் தனியாக இருக்கக் கூடாதாம், எதற்கும் இருவர்தான். குப்பை கொட்ட இருவர், முட்டை வாங்க இருவர். ஒருவன் என் கழிப்பறைக்குள் போனால் மற்றவன் வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருத்தனை மட்டும் தனியாகப் பிடித்துத் திட்ட எனக்கு ஏழு மாதமாக வாய்ப்பே கிடைக்கவில்லை.

பகலெல்லாம் மழையில் கதவு தட்டுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. கதவைத் திறந்து, "மொதல்ல ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் சாத்துவார்கள். மாலையில் நான்கு ஷூக்களிலும் செய்தித்தாளைத் திணித்து என் அடுப்போரம் காய வைப்பேன். முதல் நாள் அப்படி வந்தபோது காப்பி ஊற்றிக் கொடுத்தேன். சபை விதிப்படி காப்பி கூடாதாம், வேண்டாம் என்றார்கள். இந்த ஊரில் அது வீடு தேடி வந்து அடிப்பதற்குச் சமம். "என் காப்பிக்கு என்னடா குறை?" என்று கேட்டேன். உங்கள் மகன் சிவந்துபோய், "காப்பிக்குக் குறை இல்லீங்க ஐயா, எங்களுக்குத்தான் குடுத்துவைக்கல" என்றான். அந்தப் பதிலுக்காக மறுநாளும் கூப்பிட்டேன்.

இனி உங்கள் திங்கட்கிழமை அழைப்புகள் விஷயம். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். வாராவாரம் நீங்கள், "இந்த வாரம் யாராவது ஞானஸ்நானம் எடுத்தாங்களா கண்ணு?" என்று கேட்பீர்கள். அவன் இல்லை என்பான். பிறகு "பரவாயில்ல" என்பீர்கள். பெரிய அண்ணன் பிரேசிலில் நாற்பத்தொரு பேருக்குக் கொடுத்தான், சின்ன அண்ணன் பிலிப்பைன்ஸில் முப்பத்தாறு. இரண்டு வருடம் முடியப்போகிறது, போன வாரம் வரை இவன் கணக்கில் ஒருவரும் இல்லை. அந்த "பரவாயில்ல" கேட்டதும் அவன் மேலே ஜன்னலிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் நடப்பான். பலகை பலகையாக எனக்குக் கேட்கும். அம்மா, அந்த நடை எனக்குத் தாங்கவில்லை.

அதற்காக நான் தண்ணீரில் இறங்கினேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். என் மனைவி குன்வோர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. நவம்பரில் ஒரு நாள் உங்கள் மகன், "கடவுள்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னா என்ன கேப்பீங்க ஐயா?" என்றான். குன்வோர் எங்கே இருக்கிறாள் என்று கேட்பேன் என்றேன். "அப்ப கேளுங்க" என்றான், கடையில் விலை கேட்கச் சொல்வது போல. அன்று தனியாக மண்டியிட்டுக் கேட்டேன். கிடைத்த பதில் எனக்கும் கடவுளுக்கும் மட்டும். ஆனால் மறுநாள் காலை, நாளுக்குப் பதினோரு கோப்பை குடித்தவன், காப்பியை விட்டேன். மூன்று வாரம் தலைவலி. அந்த நாட்களில் நான் பேசிய பேச்சுக்கு வைனுகு என்னைத் தூக்கிக் கடலில் போட்டிருக்கலாம். அவனோ, சகோதரி ஒட்னி சுட்ட ரொட்டியைத்தான் கொண்டுவந்து வைத்தான்.

என் ஞானஸ்நானத்துக்குப் போன சனிக்கிழமையை நாள் குறித்தார்கள். எங்கள் சபை கூடுவது பழைய செருப்புக் கடை ஒன்றில். ஞானஸ்நானத் தொட்டி கிடையாது. தலைநகரிலிருந்து மடக்குத் தொட்டி ஒன்று வந்தது. அது சாதாரண மனிதருக்கு அளந்தது. நான் ஆறடி ஐந்து அங்குலம், நூற்று முப்பது கிலோ. உங்கள் மகனோ நனைந்தால்கூட அறுபதைத் தாண்டமாட்டான். வைனுகு என்றால் ஒரு கையால் முக்கி எடுத்திருப்பான். நான்தான், உங்கள் மகனே வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

கொதிகலனில் சுடுதண்ணீர் பாதித் தொட்டிக்கு மேல் வரவில்லை. மிச்சம் கைவிரல் விறைக்கும் குளிர். அப்போதுதான் எனக்கு அந்த மேதாவி யோசனை வந்தது. ஓய்வு பெற்ற அன்று படகுக்காரர்கள் எனக்குப் பரிசாகக் கொடுத்த படகின் பழைய காப்பி அண்டா, நாற்பது லிட்டர், சும்மாதானே கிடக்கிறது? கொண்டுபோய் மின்சாரத்தில் செருகி, கொதிக்கக் கொதிக்க எட்டு முறை ஊற்றினோம். படகில் அண்டாவைச் சோப்புப் போட்டுக் கழுவுவது பாவம், ருசி போய்விடும். இருபத்தாறு வருட ருசி அதில் ஒட்டியிருந்தது. கூடம் முழுக்கக் காப்பி மணம். தண்ணீர் வெளிர் பழுப்பு. வெள்ளை உடையில் இரண்டு பேர் காப்பியில் இறங்கப்போகிறோம்.

சபைத் தலைவர் ஆஸ்முண்ட் பல் டாக்டர், நிதானமான மனிதர். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையேட்டைப் புரட்டினார். கடைசியில், "குடிக்கத்தான் கூடாது. முங்கக் கூடாதுன்னு எங்கயும் போடல" என்று தீர்ப்பு சொன்னார்.

ஒரு விரல்கூட வெளியே தெரியாமல் முழுதாக முங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சாட்சிகள் இருவர், அதில் ஒருவர் சகோதரி ஒட்னி. தையற்காரி, ஊசிமுனை இடைவெளியையும் விடாதவர். முதல் முறை நான் சாய்ந்ததும், "கால் கட்டைவிரல் வெளிய!" என்று கத்தினார். அந்த முறை ஒரு மடக்கு தண்ணீரும் தொண்டைக்குள் போய்விட்டது. இதைத் தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். இரண்டாம் முறை என் உடை சதி செய்தது. என் அளவுக்குக் கிடைக்காமல் சகோதரி ஒட்னியே இரண்டு படுக்கை விரிப்பில் தைத்தது. அதற்குள் காற்றுப் புகுந்து வயிறு மட்டும் தீவாக மேலே நின்றது. "வயிறு வெளிய!" என்றார், தன் தையலையே முறைத்துக்கொண்டு. குழந்தைகள் சிரித்தார்கள். வைனுகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது.

மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. இருபத்திரண்டு வயதில் படகுக்கும் துறைக்கும் நடுவே விழுந்து மேலே வர வழி தெரியாமல் கிடந்தவன் நான். அதன் பிறகு தலையைத் தண்ணீருக்குள் விட்டதே இல்லை. முப்பத்தெட்டு வருடம் கடலில் வேலை, நீச்சல் தெரியாது. மூன்றாம் முறை தண்ணீர் காதை மூடியதும் அந்தத் துறையே கண்ணில் தெரிந்தது. உங்கள் மகனின் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டேன். இருவரும் உள்ளே போனோம், அவன் கண் தொட்டி விளிம்பில் மோதியது.

நான் எழுந்து போய்ச் செருப்புக் கிடங்கில் சொட்டச் சொட்ட உட்கார்ந்துவிட்டேன். என்னால் முடியாது என்று சொல்லி, துறை விஷயத்தையும் சொன்னேன். அவன் கண்ணில் ஈரத்துண்டை அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "ஐயா, எங்கம்மா பேசுறது உங்களுக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும். எனக்காக இதப் பண்றீங்கன்னா வேணாம். யாருமே இல்லாம வீட்டுக்குப் போறதுல எனக்கு வருத்தம்தான். ஆனா உங்களப் பயமுறுத்தி என் கணக்குல ஒண்ணுன்னு சொல்லிக்க மாட்டேன்" என்றான். சகோதரி, அப்படி ஒரு பிள்ளையை நீங்கள் வளர்த்திருக்கிறீர்கள். எனக்கோ கோபம் வந்துவிட்டது. "உனக்காகவா? உனக்காக நான் அரைக் கோப்பை காப்பி கூட விட்டிருக்க மாட்டேன்டா!" என்று கத்தினேன். கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. அவன் சிரித்தான். பிறகு, "அப்ப காப்டன் நான். நீங்க சொல்ற வரைக்கும் அசைய மாட்டேன்" என்றான்.

நான்காம் முறை, விரல் மேலே எழும்பாதபடி அவன் என் இரண்டு பாதங்களின் மேலும் ஏறி நின்றுகொண்டான். உடையை முதலிலேயே நனைத்துக் காற்றை வெளியேற்றினோம். ஜெபத்தைச் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தான். ஒரு நிமிடமா ஐந்தா தெரியாது. தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது, அவன் உதடு நீலமானது, அவசரப்படுத்தவில்லை. நான் அவன் மணிக்கட்டை அழுத்தினேன். இறக்கினான். மேலே வந்தபோது முதலில் காதில் விழுந்தது சகோதரி ஒட்னியின் குரல். வாழ்நாளெல்லாம் என் படகில் போய்வந்தவர். நாற்காலி மேல் ஏறி நின்று, "எல்லாம் உள்ளே!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அழுதேன். காப்பித் தண்ணீர் கண்ணில் பட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை அவன் புறப்படுகிறான். விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாக நிற்பீர்களாம். அண்ணன்மாரும் வருவார்களாம். ஒரே ஒரு விண்ணப்பம். எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் அவன் தலை குனிந்து ஒன்று என்பான். அப்போது தயவுசெய்து அந்த "பரவாயில்ல"யைச் சொல்லாதீர்கள். அந்த ஒன்று நான்.

அவன் பயணம் சுகமாக அமையவும், உங்கள் வாசல் நிறையவும் வேண்டிக்கொள்ளும்,
உங்கள் புதிய சகோதரன்
ஹால்வர் நெஸ்

பி.கு.: வீக்கம் வடிய வெறும் ஐஸ் போதும், ஆறிய தண்ணீரில் நின்று கட்டிக்கொண்ட தொண்டைக்கு அவனிடமே கம்பளித் துண்டு கொடுத்தனுப்புகிறேன். காலை ஆறரைக்கு உங்கள் வீட்டு மாடியில் அவன் குதிப்பான். கூரையை இடிக்காதீர்கள். பதினேழை விட்டுவிட்டுத்தான் எண்ணுவான். திருத்தவும் வேண்டாம்.