சிப்போரா அம்மா ஏசாமல் விட்ட வருசம்

மொன்ட்ரியால்
2006 மாசி 19

அன்பு மகள் பிரியந்திக்கு,

மாதாவின்ர புண்ணியத்தில நானும் அப்பாவும் இஞ்ச ஒரு குறையுமில்லாமல் இருக்கிறம், நீயும் மருமகன் ஸ்கொட்டும் வயித்தில இருக்கிற என்ர பேரப்பிள்ளையும் அங்க மினசோட்டாவில சுகமாய் இருக்கோணும் எண்டு மன்றாடிக்கொண்டுதான் எழுதத் தொடங்கிறன். ஏன் ரெலிபோனில சொல்லேல்லை எண்டு கேப்பாய். பிள்ளைப்பேத்துக்கு வரட்டோ எண்டு நான் கேட்டதுக்கு, சிரமப்படாதேங்கோ அம்மா, தேவையெண்டால் சொல்லுறம் எண்டு சொன்னியே, அது இன்னும் நெஞ்சுக்குள்ள கிடந்து குத்துது, ரெலிபோனில அதைப்பற்றிக் கதைக்க எனக்கு வாய் வராது, அதுதான் பேனை எடுத்தனான். அப்பாவுக்கு டோர்வல் எயார்போட்டில அதே விமானச் சாப்பாட்டுப் பொதி கட்டுற வேலைதான், முழங்கால் நோகுது, டொக்டரிட்டைப் போங்கோ எண்டால் பனி கரையட்டும் எண்டுறார். நீ இரும்புக் குளிசையை விடாமல் போடு, ஐஸில நடக்கேக்க அந்த அழகுச் சப்பாத்தைப் போடாதை.

ஒரு துக்கச் செய்தி. நான் வேலைக்குப் போற சிப்போரா அம்மா காலமாகியிட்டா. யூத மனுசி, இஸ்ரேலில பிறந்து வளந்து கட்டின மனுசனோட இஞ்ச வந்தவ, நாலு வருசமாய் நான்தான் குளிக்க வாத்து, சமைச்சுக் குடுத்து, கூட இருந்தனான். ஒரே மகன், நியூ ஜேர்சியில இருக்கிறார், பெண்சாதி லோரி அமெரிக்காக்காரி. முந்தி லோரி ரெலிபோன் எடுத்தால் இந்த மனுசி போடுற சத்தத்தை நீ கேட்டிருக்கோணும்! பிள்ளைக்கு ஏன் தொப்பி போடேல்லை, அந்த வீட்டை ஏன் அவ்வளவு விலைக்கு வாங்கினனீங்கள், நீ அனுப்பின படத்தில உன்ர தலைமயிரை ஆர் இப்பிடிக் கண்றாவியாய் வெட்டினது எண்டு எல்லாம் பேசி முடிச்சு, போனை வைச்சிட்டு, முகமெல்லாம் சந்தோசமாய் என்னட்டைத் தேத்தண்ணி கேப்பா. அந்தப் பக்கம் லோரி அழுதிருப்பா, பாவம். அமெரிக்காக்காரருக்கு இப்பிடி முகத்துக்கு நேர சொன்னால் வெறுப்பு எண்டுதான் அர்த்தம். இவவுக்கோ, லோரி எல்லாத்துக்கும் அருமை அருமை எண்டு சிரிக்கிறது கடைக்காரன் சாமான் விக்கக் கதைக்கிற கதை.

போன வருசம் அவையின்ர பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு ஒருநாள் லோரி மெத்த மரியாதையாய், பிள்ளை வளக்கிறதை நாங்களே பாத்துக்கொள்ளுறம் எண்டு சொல்லிப்போட்டா. அந்த நாளோட சிப்போரா அம்மா ஏச்சை நிப்பாட்டியிட்டா. எப்பிடி இருக்கிறாய், நல்லது, சந்தோசம், நன்றி, அவ்வளவுதான். என்ன இப்ப சண்டை ஒண்டையும் காணேல்லை எண்டு கேட்டன். விருந்தாளியோட ஆராவது சண்டை பிடிப்பினமோ எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா. படுக்கையில விழுத்தின வருத்தம் கடுமையானாப் பிறகு லோரி ஒவ்வொரு கிழமையும், நாங்கள் வரட்டோ எண்டு கேட்டா. இவ வேண்டாம், உங்களுக்கு வேலை இருக்கும் எண்டுவா. பேந்து என்னட்டை, வாறவள் கேட்டுக்கொண்டு நிக்கமாட்டாள் எண்டுவா. எனக்கு மனம் கேளாமல், நீங்கள் வா எண்டு சொல்லுங்கோவன் எண்டன், சொல்லி வாறது ஒரு வரவோ எண்டு எனக்கும் விழுந்துது ஏச்சு. லோரியைக் கேட்டால், வேண்டாம் எண்டவவின்ர சொல்லை மீறி வந்தால் அவவை அவமதிக்கிறதெல்லோ எண்டு சொல்லுவா. கடைசியில மகன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரேக்க மூச்சு நிண்டிட்டுது.

அவையின்ர முறைப்படி ஏழு நாள் வீட்டுக் கதவைப் பூட்டாமல் விட்டு, மகன் உயரம் குறைஞ்ச கதிரையில துக்கம் இருந்தார். நானும் தேத்தண்ணி குடுக்கப் போனனான். இஸ்ரேல் சொந்தக்காரர் மணியடிக்காமல் வந்து, சாப்பிட்டு, தங்களுக்க வாக்குவாதப்பட்டு, ஏன் மெலிஞ்சு போனாய், ஏன் ஒரு பிள்ளையோட நிப்பாட்டினனீ எண்டு லோரியைக் கேக்கினம். லோரியின்ர ஆக்கள் பழக்கூடையும் அட்டையும் அனுப்பி, என்ன உதவியெண்டாலும் சொல்லுங்கோ எண்டு எழுதியிருக்கினம். இஸ்ரேல்காரர் லோரியின்ர ஆக்களைக் கல்நெஞ்சுக்காரர் எண்டுகினம், லோரியின்ர ஆக்களுக்கோ இஸ்ரேல்காரர் நாகரிகம் தெரியாத சனம். லோரி குசினிக்க வந்து என்ர கையைப் பிடிச்சு, கடைசி ஒரு வருசமாவது நாங்கள் சண்டையில்லாமல் இருந்தம், அவ என்னை ஏற்றுக்கொண்டிட்டா, அதுதான் ஆறுதல் எண்டு விம்மி விம்மி அழுதா. அதுதான் அவ உன்னைக் கைவிட்ட வருசம் எண்டு லோரிக்கு நான் சொல்லுறதோ? ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுக் கோப்பை கழுவப் போயிட்டன்.

பஸ்ஸில வரேக்க எனக்கு உன்ர நினைவுதான். நீயும் ஒரு வருசமாய் என்னோட சண்டை பிடிக்கேல்லை, பிள்ளை. முந்தி எப்பிடி வாய் காட்டுவாய்! என்ர கறி குறை, என்ர கதை குறை, அப்பாவை ஒரு சொல் சொன்னால் அதுக்கு ஒரு பாட்டம் ஏச்சு. இப்ப தாங்ஸ் அம்மா, பரவாயில்லை அம்மா. மிளகாய்த்தூள் அனுப்பினதுக்கு எத்தினை தாங்ஸ், ஆரோ பெத்த பிள்ளை மாதிரி! அப்பா என்னட்டைச் சொல்லுறார், அவள் மருமகன்ர சனத்தின்ர பழக்கம் பழகியிட்டாள், நீ சும்மா கிண்டாதை எண்டு. அப்பிடியே இருக்கட்டும், மாதாவே. ஆனா அது பழகின மரியாதையோ, இல்லாட்டி நீ என்னை விட்டிட்டியோ எண்டு எனக்குப் பிரிச்சறியத் தெரியேல்லை, பயமாய்க் கிடக்குது. நானும் லோரி மாதிரி வரட்டோ வரட்டோ எண்டு கேட்டுக்கொண்டுதானே நிண்டனான். இனிக் கேக்கேல்லை. பங்குனிக் கடைசியில வாறதுக்கு ரிக்கற் போட்டாச்சு, அப்பா ஏத்திவிடுவார்.

உனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காப்பார், அம்மாவின்ர ஆசீர்வாதம் எப்பவும் உங்களோட இருக்கும். குளிசையை மறந்திடாதை. இந்தக் கடிதம் கிடைச்ச உடன, என்னைக் கேளாமல் ஆர் உங்களை ரிக்கற் போடச் சொன்னது எண்டு ரெலிபோன் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசு. ஸ்கொட் பக்கத்தில நிக்கிறார் எண்டு பாக்காதை, நல்லாய்ச் சத்தம் போட்டு ஏசு. தாங்ஸ் மட்டும் சொல்லிப்போடாதை, பிள்ளை.

இப்படிக்கு
உன்னைப் பெத்த அம்மா
யோசெப்பின்