மாலைக் காகிதக் கட்டில் ஒரு பெயர்

மில்ஃபோர்க் பண்ணை,
பிப்ரவரி 9, 1862

அன்பு மிகுந்த என் கணவருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பன்றி இறைச்சியை உப்புக்கண்டம் போட்டாகிவிட்டது. உங்கள் வக்கீல் அறையில் விதைச்சோளம் கொட்டி வைத்திருக்கிறேன். மாநிலத்துக்கே கவர்னராகிவிட்ட நீங்கள் இனி திரும்பி வந்து வழக்காடவா போகிறீர்கள்?

நாட்டைவிட்டுப் பிரிந்துபோன தெற்கு மாநிலக்காரர்களோடு சண்டைக்குப் போகும் நம் ஊர்ப் படைக்கு ஹாஸ்கின்ஸைக் கர்னலாக நியமித்துவிட்டீர்களாம். தேர்தலில் நாலு ஊர் ஓட்டை வாங்கித் தந்தவர், தெரியும். விடுதி நடத்தியவருக்குப் படை நடத்தத் தெரியுமா? கொல்லர் பீபடி என் முகத்துக்கு நேரே கேட்டார்: "குதிரைமேல ஏறவே ரெண்டு பேரு தூக்கிவிடணும், அவருக்குக் கர்னல் பதவி ஒரு கேடாம்மா?" அவர் மகனும் அந்தப் படையில்தான் இருக்கிறான்.

நம் மகன் ஏசாவும் அதில் சேர்ந்துவிட்டான். அழுது பார்த்தேன். "அப்பா எல்லார் வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுறாரு. நான் மட்டும் வீட்ல குந்தியிருந்தா ஊர்ல தலைகாட்ட முடியுமாம்மா?" என்கிறான். போகட்டும். அந்தக் கர்னலை மட்டும் மாற்றிவிடுங்கள். உங்களிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

உங்கள்
லோயிஸ்

---

தலைநகர்,
பிப்ரவரி 20

அன்புள்ள லோயிஸ்,

ஹாஸ்கின்ஸுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் கட்சி என்னைக் கைகழுவிவிடும். அவர் போகப்போகக் கற்றுக்கொள்வார். என் மகனுக்காக ஆளை மாற்றினால், ஊருக்கு ஒரு நியாயம் வீட்டுக்கு ஒரு நியாயமா என்று கேட்க மாட்டார்களா?

தினமும் மாலையில் செயலாளர் கையெழுத்துக்காக ஒரு கட்டுக் காகிதம் வைக்கிறார். வாசிப்பதையே விட்டுவிட்டேன். கை தன்பாட்டில் கையெழுத்துப் போடுகிறது. இவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாகச் சாப்பிடுகிறேன். நீ இங்கே வந்துவிடேன்.

உன்
ஓபெட்

---

கவர்னர் அலுவலகம்,
ஏப்ரல் 14, 1862

பெறுநர்: திருமதி லோயிஸ் லாத்ரப், மில்ஃபோர்க்

அம்மையீர்,

டென்னசியில் நடந்த சண்டையில் தங்கள் மகன் ஏசா லாத்ரப் வீரமரணம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். தங்கள் துயரில் இம்மாநிலம் நன்றியுடன் பங்குகொள்கிறது.

ஓபெட் லாத்ரப்,
கவர்னர்

---

தலைநகர்,
ஏப்ரல் 17

லோயிஸ்,

எப்படி எழுதுவேன். நம் ஏசா போய்விட்டான். இன்று காலைதான் தந்தி வந்தது. ஆற்றங்கரையில் காவல் போடாமல் ஹாஸ்கின்ஸ் எல்லாரையும் தூங்கவிட்டாராம். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை.

வேறு யார் வாயாலும் இது உன் காதுக்கு வரக்கூடாது என்று பேனாவை எடுத்தேன். அழுகைகூட வரவில்லை. வா என்று ஒரு வரி எழுது, அடுத்த ரயிலில் வருகிறேன்.

ஓபெட்

---

மில்ஃபோர்க்,
ஏப்ரல் 25

மாண்புமிகு கவர்னர் அவர்களுக்கு,

பயப்பட வேண்டாம். வேறு யாரும் சொல்லவில்லை, நீங்களேதான் முதலில் சொன்னீர்கள். பதினான்காம் தேதிக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கர்னல் அனுப்பிய இறந்தவர் பட்டியலைப் பார்த்து, ஒரே மாதிரி எழுதிவைத்த கடிதங்களில் குமாஸ்தா யாராவது பெயர்களை நிரப்பியிருப்பார். கையெழுத்து உங்களுடையது. இருபத்திரண்டு வருடம் பார்த்த கையெழுத்து எனக்குத் தெரியாதா?

பீபடி வீட்டுக்கும் அன்றைக்கே அதே வரிகள் வந்தன. அவர் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். "எவ்வளவு வேலைக்கு நடுவுல நம்ம பையன நெனச்சு கவர்னரே எழுதியிருக்காரு" என்று சொல்லி, மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

மாடு கறக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். எனக்கும் அழுகை வரவில்லை.

நீங்கள் வர வேண்டாம். இங்கே வந்துபோகும் நேரத்தில், மாலைக் காகிதக் கட்டில் இருக்கும் பெயர்களை வாசியுங்கள்.

இப்படிக்கு,
திருமதி லோயிஸ் லாத்ரப்