மிதிச்சாச்சு

மார்ச் 3, செவ்வாய்
மகாராணி இன்று பிரேக் போட்டதும் இடது பக்கம் இழுத்தாள். இருபத்து நாலு வயசுக் கார். எங்கள் கல்யாணத்தைவிட ஒரு வயசு பெரியவள். முட்டுக் கொடுத்து அடியில் படுத்துப் பார்த்தேன். பிரேக் எண்ணெய் போகிற ஹோஸை மடக்கினால் ரப்பரெல்லாம் வெடிப்பு, என் குதிகால் மாதிரி.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றே தீர்ப்பு சொல்லிவிட்டார். “அடுத்த வெள்ளி வண்டித் தகுதிச் சோதனையில தேறலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம்.”

போட்டுடலாமாமே! வாய் எப்படி வந்தது? இனி இவரோடு பேச்சே கிடையாது.

மார்ச் 4, புதன்
அவரும் பேசவில்லை. ரொம்ப சந்தோஷம்.

மார்ச் 7, சனி
புது ஹோஸ் வந்தாச்சு! கருகருன்னு, என்ன அழகு! முத்தம் கொடுக்காத குறைதான்.

மார்ச் 8, ஞாயிறு
மாட்டிவிட்டேன். துருப்பிடித்த நட்டு ஒன்று மட்டும் உயிரை எடுத்தது. ஒரு ஹோஸ் முறுக்கிக்கொண்டு, அதன் மேலிருந்த வெள்ளைக் கோடு சுருண்டு நின்றது. கழற்றி, கோடு நேராக வரும்படி மறுபடி மாட்டினேன். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பியும் பார்த்தேன். எங்கேயும் உரசவில்லை.

இனி ஹோஸுக்குள்ளே புகுந்த காற்றை வெளியேற்றணும். ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருத்தர் கீழே சக்கரத்துக்குப் பின்னாலிருக்கிற திருகைத் திறந்து மூடணும். அதுவும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லி. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கடவுளே!

மார்ச் 10, செவ்வாய்
வெட்கத்தை விட்டுக் கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தார்.

“மிதிங்க.”

“மிதிச்சாச்சு.”

“நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காதீங்க.”

ஏழு நாளுக்கு அப்புறம் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை ‘மிதிச்சாச்சு’! அடியில் கிடந்தபடியே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “என்ன சிரிப்பு?” என்று எட்டிப் பார்த்தவர், காலை எடுத்துத் தொலைத்தார். திருகை நான் இன்னும் மூடவே இல்லை! காற்று திரும்ப உள்ளே போச்சு. முதலிலிருந்து எல்லாம்.

நாலு சக்கரமும் முடியச் சாயங்காலமாகிவிட்டது. பெடல் கல்லு மாதிரி நிற்கிறது. “உன் மகாராணிக்காக இத்தனை நேரம் அமுக்கினேன். என் காலை யாரு அமுக்குவா?” என்கிறார். நான்தான் அமுக்கினேன். எனக்கு ஏன் இப்படித் தலைகால் புரியவில்லை — பிரேக்குக்காகவா?

மார்ச் 13, வெள்ளி
தேறிட்டா! தேறிட்டா!

சோதித்தவர் அடியில் டார்ச் அடித்து, “ஹோஸெல்லாம் புதுசா இருக்கே. யாரு மாத்தினது?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் இவர், “நாங்கதான்” என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நாங்களாம்!

திரும்பி வரும்போது சிக்னலில் பிரேக் போட்டேன். கொஞ்சமும் இழுக்காமல் நேராக நின்றாள். பக்கத்து சீட்டில் இவர், காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “மிதிச்சாச்சு” என்கிறார்.