பட்டியலில் இன்னும் செல்வி

ஜூன் 15, ஞாயிறு

வியாழன் காலை 11.42. குற்றாலத்தில் சாரல். லாட்ஜ் இரண்டாம் மாடியில் ஏணி மேல் நான், கையில் வைஃபை பெட்டி. போனில் தெரியாத குரல்.

"தம்பி, செல்விங்கது ஒங்க வீட்டம்மாவா? கீழப்பாவூர் ரோட்டுல லாரி அடிச்சுப் போட்டுட்டு."

வீட்டு ரூட்டரின் ஆப்பைத் திறந்தேன். "செல்வி போன் – இணைப்பில்."

"வேற யாராவது இருக்கும் அண்ணாச்சி. எம் பொண்டாட்டி தென்காசில வீட்டுல இருக்கா."

அவர் மறுபடி சொன்னார். நானும் மறுபடி சொன்னேன். ஆறு நிமிடம். கடைசியில் செல்வியின் வண்டி நம்பரை வாசித்தார்.

அந்த ரூட்டர் ஆள் இருக்கிறதா என்று பார்க்காது. நெட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் தன் பட்டியலில் ஒரு எண் கொடுக்கும், கூடவே ஒரு கெடு. கெடு முடியும்வரை இணைப்பில் என்றே காட்டும். கெடு ஏழு நாள். வைத்தது நான். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுக்கிறவனும் நான். செல்வி தன் அம்மா வீட்டுக்கு, சுரண்டைக்கு, கிளம்பிய பிறகும் பட்டியலில் இருந்தாள்.

ஆறு நிமிடத்தால் ஒன்றும் மாறியிருக்காதாம், டாக்டர் சொன்னார். விதி என்கிறார்கள் செத்த வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள். விதி இல்லை. லாரி.

பால் பாதி போதும் என்று சொல்ல வேண்டும். ஏணி லாட்ஜிலேயே கிடக்கிறது.

ஜூன் 16, திங்கள்

மழை இல்லை, காற்று மட்டும். லாட்ஜ் மேனேஜர் அண்ணாச்சி போன். கூப்பிடக் கூடாதுதான், சீசன், வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார்.

என் அக்கா வாசலை மறித்தாள். "பதினாறு கழியாம வேலைக்குப் போறவன எங்கயாவது பாத்திருக்கியாலே? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்." போனேன்.

அண்ணாச்சி கவுண்டரில் கத்திக்கொண்டிருந்தார். "ரூம காலி பண்ணிட்டுப் போனவனெல்லாம் லிஸ்ட்ல ஒக்காந்திருக்கான். புதுசா வந்தவன் நெட்டு இல்லன்னு என்னைய ஏசுதான்."

பார்த்தேன். லாட்ஜ் ரூட்டரில் எண்கள் மொத்தமும் தீர்ந்திருந்தன. ரூட்டர் வழியாக ஒவ்வொரு எண்ணையும் தட்டிப் பார்த்தேன், முக்கால்வாசி பதில் இல்லை. மூன்று நாள் கெடுவை இரண்டு மணி நேரமாக்கினேன்.

"போனவன எதுக்கு வச்சிக்கிட்டு? மொத்தமா தூக்கிரும் தம்பி" என்றவர், என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். நான் குடிக்கவில்லை. போனவர்களை மொத்தமாகத் தூக்கினேன். ஐந்தருவி போய்விட்டு வந்த ஒரு குடும்பம், ஈரத்தலையோடு படியிலேயே நின்று போனைத் தட்டியது. நெட் வந்துவிட்டது.

வீட்டுப் பட்டியலைத் தொடவில்லை. செ.யின் கெடுவில் மீதி இரண்டு நாள், சொச்சம்.

ஜூன் 17, செவ்வாய்

சட்டை துவைக்கவில்லை. சுரண்டையிலிருந்து மச்சினி சுதா வந்தாள், செ.யின் தங்கை. கண்ணாடி நொறுங்கிய போனைக் கொண்டுவந்திருக்கிறாள். சார்ஜ் ஏறுகிறதாம்.

"அத்தான், அக்கா போன ஆன் பண்ணட்டா?"

ஆன் செய்தால் ரூட்டரோடு தானே ஒட்டிக்கொள்ளும், இன்னொரு ஏழு நாள் கிடைக்கும். கை நீண்டது. வேண்டாம் என்றேன். அந்தப் பட்டியலை ஒரு தடவை நம்பியது போதும்.

அக்கா சோற்றை வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள். "சுரண்ட மாமாவுக்கும் சம்மதந்தான். சுதாவ கட்டிக்கிட்டா ரெண்டு வீடும் விட்டுப் போகாது. அவ எடத்த எத்தன நாளைக்குச் சும்மா போட்டு வைப்ப?"

அடுப்படியிலிருந்து சுதா. "மதினி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? நா என்ன கடையில மாத்திக் குடுக்க சாமானா?"

வியாழனுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குச் சோறு இறங்கியது.

ஜூன் 18, புதன்

சுதாவைக் கொண்டுவிடுகிறேன் என்று அக்காவும் சுரண்டைக்கு. மாமாவிடம், சுதாவின் அப்பாவிடம், பேசத்தான் போகிறாள், தெரியும். வீட்டில் நான் மட்டும். காஸ் தீர்ந்தது.

ஜூன் 19, வியாழன்

தூறல். காலை 9.20க்குக் கெடு முடிந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன், பெயர் இல்லை. சத்தம் கித்தம் ஒன்றும் இல்லை. ஒரு வரி குறைந்தது, அவ்வளவுதான்.

அவளுடைய எண் 27இல் முடியும். இனி புதிதாக எந்தப் போன் வந்தாலும் ரூட்டர் அதைத் தூக்கிக் கொடுத்துவிடும். போகிற வருகிற எவனுக்கும்.

ரூட்டர் செட்டிங்கில் போய் 27ஐச் செ.யின் போனுக்கென்று ஒதுக்கி வைத்தேன். இனி இணைப்பில் என்று காட்டாது, பொய் சொல்லாது. இன்னொருவருக்குக் கொடுக்கவும் கொடுக்காது.

அக்கா போன். "மாமா எதுத்தாப்புல ஒக்காந்திருக்காவ. என்ன சொல்லட்டும்?"

"மாட்டேன்னு சொல்லு."

"பதினாறு கழிஞ்சு சொல்லுதேன்னு சொல்லட்டா?"

"அன்னைக்கும் மாட்டேன். அடுத்த வருசமும் மாட்டேன்."

"ஏலே, கிறுக்குப் பயலே..."

வைத்தேன். மறுபடி அடித்தாள். பிறகு மாமா நம்பர். பிறகு அக்கா. போனை அணைத்துவிட்டேன்.